தொப்புளைச் சுற்றிய கோடுகள்

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தது வயிற்று வலியோடு வந்த ஒரு பெண், என்னை மேற்பார்வை செய்த டேனிஷ் தாதி, பயிற்சித் தாதியான நான். அந்தப் பெண்ணின் கணவர் இல்லை. லொறி ஓட்டிக்கொண்டு போலந்துப் பக்கம் எங்கேயோ நின்றார். இரண்டு வருடத்துக்கு முன், டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருந்து நான் தினமும் ரயில் ஏறிப்போன ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஆபிரிக்காவில், பெனின் நாட்டின் வடக்கில் பிறந்தவ. இங்கே ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை. குடல் முறுக்கி அடைத்துவிட்டது. உடனே வயிற்றைத் திறக்காவிட்டால் உயிர் தப்பாது. அவவோ சம்மதிக்கவே இல்லை. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா.

தாதி போர்வையை விலக்கினா. தொப்புளைச் சுற்றி, சூரியக் கதிர் மாதிரி, வயிறு முழுக்கக் கீறல் தழும்புகள்.

“இதை உங்களுக்கு ஆர் செய்தது?”

தாதி மெதுவாகத்தான் கேட்டா. புருசன் கொடுமைப்படுத்துகிறானோ என்ற பயம் அவவுக்கு. அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டா.

அதே கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கினம். கோயில் திருவிழாவில் முதுகுத் தோலில் செடில் கொக்கி குத்திக் காவடி எடுத்தவன் நான். நீச்சல் குளத்தில் அந்தத் தழும்புகளைக் கண்ட டேனிஷ் நண்பன் ஒருவன், பொலிசுக்குப் போவமா என்று கேட்டான். நேர்த்தி வைத்து நான் ஆசையோடு எடுத்த காவடி, அவனுக்கு யாரோ செய்த கொடுமையாகத் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினேன். டேனிஷில் ‘அக்கா’ என்று கூப்பிட வழியில்லை. மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு கேட்டேன்: “வடிவாக் கீறியிருக்கினம். கீறேக்க அழுதனீங்களோ?”

சடக்கென்று திரும்பினா. “நான் அழுறதோ? என்ர தங்கச்சிதான் அழுதவள். இண்டைக்கும் ஊரில அதைச் சொல்லிச் சிரிக்கினம்!”

பிறகு தனக்குத் தெரிந்த டேனிஷில், வலிக்கு நடுவே, விட்டு விட்டுச் சொன்னா. பெண் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அவர்கள் ஊரில் இந்தக் கோடுகள்தான் சாட்சி. வலியைத் தாங்கி அதைப் பெற்றவள் எங்கேயும் தலை நிமிர்ந்து போகலாம். அதை நடுவால் வெட்டினால் தனக்கு ஒரு மதிப்பும் மிஞ்சாது என்றா. கத்திக்கு அவவுக்குப் பயமே இல்லை.

அந்த நேரம் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ளே வந்தார். விசயத்தைச் சொன்னேன். “அழகைப் பிறகு பாப்பம். முதல்ல உயிர்,” என்றார் அவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். டொக்டர் எது சொன்னாலும் ஓம் என்று எழும்பி வருகிற குடும்பம் எங்களுடையது. என்றாலும் சொன்னேன்: “இது அழகுக்கில்லை. நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த பட்டம் மாதிரி. அதை உங்கட கண்ணுக்கு முன்னால கிழிச்சா விடுவீங்களோ?”

அவர் பையில் இருந்து தோலில் கீறுகிற பேனையை எடுத்தார். வெட்டு வரும் இடத்தைக் காட்டி, எந்தக் கோடு எதோடு சேரவேண்டும் என்று இரண்டு பக்கமும் புள்ளி வைக்கத் தொடங்கினார். தைக்கும்போது அப்படியே பொருத்தலாமாம்.

அவவோ தலையை உயர்த்தி, “அங்கை இல்லை, இஞ்சை! கண் தெரியேல்லையோ?” என்றா.

“ஓம், ஓம்,” என்று அவர் பேனையை நகர்த்தினார். இவருக்குப் பிழை பிடித்த ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று தாதி என் காதில் சொல்லிச் சிரித்தா.

அவ சம்மதித்தா. பிழைத்தும் விட்டா.

தையல் பிரித்த அன்று டொக்டரும் வந்து நின்றார். கணவர் கண்ணாடி பிடித்தார். கோடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி நின்றன, ஒன்றைத் தவிர. அவவின் கண் அதில்தான் போனது.

“ஒண்டு பிசகிப்போச்சு. ஊரில கோடு கீறுறவைக்குக் கூலி ஒரு கோழி. உனக்குப் பாதிக் கோழிதான்,” என்றா டொக்டரிடம்.

“பாதி எண்டாலும் பொரிச்சுத் தாங்கோ,” என்றார் டொக்டர்.

அறையே சிரித்தது. அவ இரண்டு கையையும் மேலே தூக்கி, உதைபந்தாட்டத்தில் வெற்றிக் கோல் அடித்த ஆள் மாதிரி நின்றா.

கோடு பார்த்துத் தைக்க எவ்வளவு நேரம் கூடுதலாய்ப் பிடித்தது என்று டொக்டரைக் கேட்டேன். இப்போது தாதியாக வேலை செய்கிறேன், அவசரம் என்று யாராவது என்னைத் துரத்தும்போதெல்லாம் அவர் சொன்ன கணக்குத்தான் ஞாபகம் வரும்: ஒரு மனுசியின் உயிரோடு மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற எங்களுக்கு ஆன செலவு, வெறும் அரை மணித்தியாலம்.