தட்டிக்குள் எழுந்த சுவர்

பிளேக் வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் சித்தப்பாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். பதினோரு பேருக்கு அம்மாதான் சமைத்தாள். அடுக்களையில் எலி செத்து விழுந்த அன்றே சித்தப்பா குடும்பத்தோடு மாமனார் ஊருக்குப் புறப்பட்டார். எங்களுக்கு அங்கே இடம் போதாது என்றார்.

ஊருக்கு வெளியே, ஜோகுபாளையத்துக்கு அப்பால், அறுவடையான ராகிக் கொல்லையில் ஜனங்கள் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒரு மூலையில் மூங்கில் தட்டிகளை நட்டு, மேலே புல் வேய்ந்தோம். இரண்டு பாய் விரிக்கலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. முதல் நாள் அம்மா தனக்கும் எனக்கும் மட்டும் சோறு வடித்தாள். அத்தனை சின்னப் பானையில் எவ்வளவு உப்புப் போடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கரித்த சோற்றைச் சிரித்துக்கொண்டே தின்றோம்.

மூன்று மாதம் கழித்து, நோய் அடங்கியதும், தட்டிகளையும் கூரைப் புல்லையும் எரித்துவிடப்போவதாகச் சர்க்கார் அறிவிப்பு வந்தது. நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"மண்ணைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

"இல்லம்மா."

கொல்லைக்காரம்மாவிடம் போய், அங்கேயே இருந்துகொள்ளலாமா என்று கன்னடத்தில் கேட்டாள். "இரும்மா, மூலைதானே" என்று அவர் தலையசைத்தார்.

அன்றே தட்டிக்கு உட்புறமாக மண்சுவர் வைக்கத் தொடங்கினோம். அவசரத்தில் முதல் நாளே இடுப்புயரம் எழுப்பினோம். விடிவதற்குள் ஈரம் தாங்காமல் சரிந்து கிடந்தது. பிறகு ஒரு முழம் வைப்பதும், இரண்டு நாள் உலர விடுவதுமாக வேலை நடந்தது. என் வாழ்க்கையில் பிற்பாடு கற்ற பொறுமையெல்லாம் அந்த ஈரமண்ணின் முன் உட்கார்ந்து கற்றதுதான்.

சர்க்கார் ஆட்கள் வந்த அன்று பானையையும் பாய்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு நின்றோம். தட்டியும் கூரையும் எரிந்து விழுந்தன. புகை விலகியபோது நான்கு சுவர்களும் கறுத்து நின்றன. ஆட்களில் ஒருவன் தடியால் தட்டிப் பார்த்தான். "வெந்துபோச்சு, இனி மழைக்கும் கரையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சித்தப்பா மாட்டுவண்டியோடு வந்தார்.

"என்னண்ணி இது, கோழிக்கூடு மாதிரி? கூரைகூட இல்ல. ஏறுங்க. வீட்ல சமையலுக்கு ஆளில்லாம எல்லாம் திண்டாடுதுங்க."

"எங்க ரூம் மேல ஓடு இருக்கா?"

"நோய் போக வெயில் படணும்னு சர்க்கார்ல பிரிச்சு அடுக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க வாங்க, திரும்பப் போட்டுரலாம்."

அம்மா மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறினாள். நானும் ஏறப்போனேன். "நீ இங்கயே இரு" என்றாள் என்னிடம்.

பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பியது. பின்னறையின் ஓடுகள் வைக்கோலுக்கிடையில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க, அண்ணி?"

"ரெண்டு பேருக்கு இடமில்லன்னு எங்கள விட்டுட்டுப் போனீங்க. அந்த ரெண்டு பேருக்கு இது போதும். முதல் ஓட்ட எடுத்துக் குடுங்க."

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு குனிந்து எடுத்தார்.