தீப்பந்தத்தோடு ஷாப்டில் இறங்கியவன்

சொந்தமாக வீடியோ கேம் செய்கிறவன் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சும்மா இருக்கிறவன். வீட்டிலிருந்தே பிழைக்கப் பார்க்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டை வீட்டில் உட்கார்ந்து நான் செய்தது ஒரு சண்டைக் கேம். மூடிக் கிடக்கும் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் நாயகனும் கூட்டாளி மாரியும் இறங்குவார்கள். அரக்கர்களை அடிக்க அடிக்க பலம் ஏறும். பொங்கலுக்குள் நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பழையபடி பெங்களூருக்கு விடியற்காலை ரயில்தான் என்று மனைவி கவிதா கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த ரயிலில் நின்றபடியே தூங்கியவர்களுக்கு என் பயம் புரியும்.

முதல் ரசிகர்

பக்கத்து வீட்டு முனுசாமி மாமா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சந்தோஷப்படுவார் என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாயகன் கையில் தீப்பந்தம் எரியும்; அந்த நெருப்பை அசைய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமா அவனை ஒரு அடிகூட நகர்த்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெடிமருந்து இருக்கிற எடத்துல பந்தத்தோட போறான். இவனக் கொல்றதுக்கு அரக்கன் வேற எதுக்குப்பா?”

ரயில் நண்பன்

தினமும் பெங்களூரு போய்வரும் சுரேஷ், லேப்டாப்பில் ஆடிக்கொண்டே போனான். சண்டை ருசியில் இறங்கவேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வேலைக்குத் தாமதமானதில் இவ்வளவு சந்தோஷப்பட்டது தப்புதான், ஆனாலும் பட்டேன். சாயங்காலம் வந்து மீதியைச் சொன்னான்.

“சண்டை சூப்பர் மச்சா. ஆனா அந்த அரக்கன் பேச ஆரம்பிச்சா எங்க மேனேஜரே தேவல.”

அம்மா ஆட்டம்

அம்மாவுக்கு ஒரே ஒரு பட்டன்தான் தெரியும். அதையே விடாமல் அமுக்கி, நான் மாதக்கணக்கில் செதுக்கிய பெரிய அரக்கனைச் சாய்த்துவிட்டாள். அடிபட்ட மாரி கீழேயே கிடப்பான், நாயகன் மட்டும் அழுதுகொண்டே கேஜில், அதாவது சுரங்க லிப்டில், ஏறி மேலே வருவான். அதுதான் என் உருக்கமான முடிவு. கேஜ் வந்து நின்றது. அம்மா ஏறவில்லை.

கதையே அப்படித்தான் என்றேன், கோபமாகவும் சொன்னேன். அவள் கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போனாள். அந்தக் காலத்தில் அப்பா சுரங்க ஷிப்ட் முடிந்து மேலே வரத் தாமதமானால் அவள் ஷாப்ட் வாசலில், ஆள் இறங்கும் அந்தக் குழிப் பக்கம், போய் நிற்பாள், அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்படியிலிருந்தே பேசினாள்.

“கூடப் போனவன உட்டுட்டு வந்தா, அவன் பொண்டாட்டிகிட்ட இன்னா சொல்றது?”

தீர்ப்பு

முடிவை மாற்றினேன். இப்போது மாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கேஜுக்கு ஓட வேண்டும். ஆயுதம் எடுக்கக் கை இருக்காது. பொங்கலுக்கு முன்பே வெளியிட்டேன். முகம் தெரியாத ஒருவர் குறைகளாக எழுதித் தள்ளியிருந்தார்: வழி புரியவில்லை, அரக்கன் அறுக்கிறான், தீப்பந்தம் அபத்தம். கடைசி வரியில், தோளில் தூக்கி ஓடும் அந்த இடத்துக்காகவே மறுபடி ஆடியதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் சிலர் நாங்களும் அப்படித்தான் என்று சேர்ந்துகொண்டார்கள். கவிதா எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள்.

“சரி, ரயில் பாஸ் இப்போ வேணாம். மொதல்ல அந்தப் பந்தத்த அணைங்க.”

ஆகமொத்தம், என் கேமின் குறைகள் எல்லாம் நான் உழைத்துச் சேர்த்தவை, பேர் வாங்கிக் கொடுத்த நிறை மட்டும் அம்மா டீ போடப் போனபோது வந்தது.