மருந்துப் பையோடு வந்தவர்

செக்யூரிட்டி காவலர் வேலைக்குச் சொந்தக் காசில் படிக்காதீர்கள் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கம்பெனி ஆள்குறைப்பு செய்து என்னை அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தொரு வயதுக்காரியை யார் கூப்பிடுகிறார்கள்? என் கணவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, டாக்ஸி ஓட்டுவதும் நின்றுவிட்டது. மதிய ஊசியை அவரால் அளவு பார்த்துப் போட்டுக்கொள்ள முடியாது. நான்தான் போட வேண்டும்.

அப்போதுதான் பொங்கோலில், எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரு காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பெண் காவலர் தேவை என்று தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து ஊசி போட்டுவிட்டுத் திரும்பலாம். சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் எனக்கு அப்படி இன்னொரு வேலை கிடைக்காது.

அந்தக் காவல் கம்பெனியின் மேனேஜர் ஃபோனில் பேசினார். “ஃப்ரைடேக்குள்ள சர்டிபிகேட் கொண்டு வாங்க சிஸ்டர். போலீஸ் லைசன்ஸுக்கு நாங்களே அனுப்பிடுவோம். அதுவரைக்கும் இடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது லா.”

காவலர் பயிற்சி வகுப்பு லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் நடந்தது. அந்த நாட்களுக்கு மட்டும் மதிய ஊசி போட பக்கத்து வீட்டம்மா ஒத்துக்கொண்டார். மற்றவர்களை அவரவர் கம்பெனியே அனுப்பியிருந்தது. அவர்கள் தேர்வில் கோட்டை விட்டாலும் கம்பெனி அடுத்த வகுப்புக்கு அனுப்பும். என்னைப் போலச் சொந்தமாகப் பணம் கட்டியவர்களுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் லைசன்ஸ் இல்லை, லைசன்ஸ் இல்லையென்றால் வாசலில் நிற்க முடியாது, மறுதேர்வுக்கு நாமே வரிசையில் நிற்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சொன்னார்கள். எனக்கென்ன என்று தலையாட்டினேன். பிறகு எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல், கொழுப்பு இன்னும் ஏறியது.

புதன்கிழமை செய்முறைத் தேர்வு. ஒரு மேஜை, அதன் மேல் வருகையாளர் பதிவேடு. நான் காண்டோ காவலர். தேர்வாளர் வெளியிலிருந்து வருகிறவராக நடிப்பார். அறுபது வயதிருக்கும், நம் ஆள்தான், நெற்றியில் விபூதி. கையில் மருந்துப் பையோடு வந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஐசி, அதாவது அடையாள அட்டை கேட்டேன், எந்த வீடு என்று கேட்டேன், அதுவரை நான் செய்ததெல்லாம் சரி. சட்டென்று தமிழுக்கு மாறினார்.

“ஏம்மா, பத்தாவது மாடிலதான் என் மக இருக்கா. பேரப்புள்ளைக்குக் காய்ச்சல். ஐசிய வீட்டுலயே விட்டுட்டு ஓடி வந்துட்டேன். அவ ஃபோன் எடுக்க மாட்டேங்குறா. ரெண்டு நிமிஷம்மா, குடுத்துட்டு வந்துடுறேன்.”

“சரி, போயிட்டு வாங்கண்ணே” என்றேன். பதிவேட்டில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. போதாததற்கு, லிஃப்ட் அந்தப் பக்கம் என்று கையை வேறு காட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மருந்துப் பையை மேஜையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்: இன்னும் தகுதி பெறவில்லை. அடுத்த தேர்வு இரண்டு வாரம் கழித்து.

எல்லாரும் போன பிறகு அவர் படியிறங்கி வரும் வரை வாசலிலேயே காத்திருந்தேன்.

“அண்ணே, ஃப்ரைடேக்குள்ள குடுக்கலன்னா வேலை போயிடும். வீட்டுல அவருக்குக் கண்ணு தெரியல. நீங்களும் தமிழ் ஆளு. கொஞ்சம் பாத்து செய்யுங்க. இன்னொரு தடவ இப்பவே கேளுங்க, ரெண்டு நிமிஷம் போதும்.”

காலில் விழாத குறைதான். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சற்று முன் அவர் என்னிடம் கேட்டதையே நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“முடியாதும்மா. மறுதேர்வுக்கு இன்னைக்கே பேர் குடுத்துட்டுப் போங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம். ஒரு காவலர் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றார் பாவி. இன்றைக்கும் அவர் செய்தது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

சிராங்கூன் சாலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மேனேஜருக்கு ஃபோன் செய்தேன்.

“பாஸ் ஆச்சா சிஸ்டர்?”

ஆச்சு என்று சொல்லி இரண்டு நாள் தள்ளலாமா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை காகிதத்தைக் கேட்பார்களே. “இல்ல சார்” என்றேன். நேர்மையெல்லாம் ஒன்றுமில்லை, பயம்.

“சாரி சிஸ்டர். வேற ஆள் போட்டுடுறேன்.” அவ்வளவுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பஸ் பொங்கோல் வந்து சேரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

கதவைத் திறந்தால் வீட்டில் சூடான துணி வாசனை. கூடத்தில், வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த என் கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் ஹேங்கரில் தொங்கின. கையால் தடவித் தடவியே இஸ்திரி போட்டிருக்கிறார். கால்சட்டையின் மடிப்பு இரண்டு கோடாக விழுந்திருந்தது. அவர் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

துணியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். அலமாரிக் கதவுச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

“ஏன் உள்ள வைக்கிற? ஃப்ரைடேக்கு வேணும்ல?”