பத்து மணித் தண்ணி

எங்க தெருவுக்குத் தண்ணி திறந்துவிட ஒரு அண்ணாச்சி இருந்தார். நகராட்சியில நிரந்தர வேலை. எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வண்டி ஏழு மணிக்கு வந்துரும்னு அவருக்குத் தெரியும். அஞ்சுக்கே வால்வைத் திறந்துருவார். பொம்பளைக எல்லாரும் குடத்தை நிரப்பி வச்சுட்டுத்தான் வண்டி ஏறுவோம்.

அவர் ரிட்டயர் ஆனதும் அந்த இடத்துக்கு ஆள் போடல. நகராட்சி செலவைக் குறைக்குதாம். தண்ணி திறக்கிறதைக் காண்ட்ராக்ட்ல விட்டாங்க. மூணு வார்டுக்கு ஒரே ஆளு. எங்க தெருவுக்கு அவன் வந்துசேர மணி பத்தாயிரும். பத்து மணிக்கு இங்கன யாரு இருக்கா? கோழிதான் நிக்கும்.

ஆபீசுக்குப் போனோம். "ஆள் இல்லம்மா, நான் என்ன செய்ய?"ன்னார் அங்கன இருந்தவர். வரியைக் கூட்ட மட்டும் ஆள் இருக்கான்னு கேட்டேன். சிரிச்சார்.

முறை வச்சுப் பிடிக்கலாம்னா, கம்பெனியில மட்டம் போட விடமாட்டாக. "பிள்ளைகளைக் கட்டிக் குடுத்துட்டீக, நீங்க வீட்டுல இருந்து எங்களுக்கும் பிடிச்சு வைங்கக்கா. ரெண்டு மாசத்துல சரியாயிரும்"னாளுக தெருப் பொம்பளைக. நானும் தலையாட்டிட்டேன், மடச்சி.

கம்பெனியில நானும் அடுத்த வீட்டுக்காரியும் ஒரே ரூம். எதிரெதிரா உட்கார்ந்து பதினோரு வருசம் சரவெடி பின்னுனோம். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். "வெடியை விட உங்க சத்தம் பெருசா இருக்கே"ம்பார் போர்மேன். வெடி ஆபத்துன்னு ரூமுக்கு நாலு பேர்தான் கணக்கு. நான் வேலையை விட்டு நின்ன மறுவாரமே என் இடத்துல வேற ஒருத்தி உட்கார்ந்துட்டா.

இப்ப பத்து மணிக்குக் குழாயடியில தன்னந்தனியா நிக்கேன். அங்கன கம்பெனியில டீ வந்திருக்கும், எவ எவளைக் கேலி பண்றாளோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அம்புட்டு ஏக்கம் எனக்கு.

சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி குடம் எடுக்க வந்தா விடமாட்டேன். யாருக்கு யாரோட சண்டை, போர்மேன் யாரை வஞ்சார், ஒண்ணு விடாமக் கேப்பேன். அவளும் நடிச்சே காட்டுவா. ரெண்டு மாசம்னு சொன்னது வருசமே ஓடிப்போச்சு.

போன வாரம் தனக்குள்ள சிரிச்சுக்கிட்டே வந்தா.

"என்னடி, அப்படி ஒரு சிரிப்பு?"

"இன்னைக்கு ரூம்ல ஒரு கூத்துக்கா..." பாதியில நிறுத்திட்டா. "விடுங்கக்கா. அங்கன இருந்தாத்தான் சிரிப்பு வரும். சொன்னா உங்களுக்கு வெளங்காது."

குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா. எனக்கா வெளங்காது?