கல்வேலி தேடிய கோழிகள்

தாய்வீடு போய்ப் படகில் திரும்பிய பிரியவதனி ஓட்டோவால் இறங்கிய கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர், தலை அவிழ்ந்து கிடக்கிறது, முகம் மட்டும் சோதனை பாஸ் பண்ணின பிள்ளையின் முகம். இரண்டு கையாலும் ஒரு ஓலைக் கடகத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். மேலே கட்டிய துணியின் இடுக்கால் நாலு கோழித் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ரீச்சர், பாருங்கோ! அம்மா தந்து விட்டவ. நாலும் முட்டைக் கோழி. கடல் சரியான அடி. வயித்தைப் பிரட்டி நான் சத்தியெடுத்தனான், உதுகள் ஒண்டும் எடுக்கேல்லை!"

மடத்துவெளியில் என் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் இடையில் ஒரு பனையோலை வேலிதான். படிப்பித்து ஓய்ந்த எனக்கு அந்த வேலிதான் இப்போது பத்திரிகை. அந்த வீட்டில் நல்லம்மாவும் மகன் லவனும் இருந்தார்கள். போன தை மாதம் லவன் கலியாணம் கட்டி, நெடுந்தீவிலிருந்து பிரியவதனி வந்து சேர்ந்தாள். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார்கள். லவனுக்கு வேலணைக் கந்தோரில் அரசாங்க வேலை. கோர்ணமேந்து அவனுக்கு, கோழி அவளுக்கு என்று கடவுள் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

பிரியவதனிக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். கிணற்றடியில் சிரித்தால் எனக்கு வானொலியே கேட்காது. ஆனால் மாமியாருக்கு முன்னால் பூனைக்குட்டி. தேங்காய் துருவுவதென்றாலும், "நீங்கள் எப்பிடிச் செய்யிறனீங்கள் மாமி?" என்று கேட்டுத்தான் செய்வாள். வந்த இடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

நல்லம்மா பொல்லாதவள் இல்லை, ஆனால் கோழி என்றால் அவளுக்குக் கசப்பு. முன்பு அவள் வளர்த்தவை கூட்டில் தங்காமல் ஊர் சுற்றி, பாதியை நாய் பிடித்தது. மிச்சம் என் மிளகாய்க் கன்றுகளைக் கிளறியதில், நாங்கள் இருவரும் ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தோம். அதனால் கடகத்தைக் கண்டவுடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளை, நீர் ஆசைப்பட்டுக் கொண்டந்திட்டீர். கூட்டிலை ஒழுங்கா அடைஞ்சால் வளரும். அடையாட்டில், வாற ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸிலை இருந்து தம்பையா அண்ணை வாறார். ஊர்க்கோழிக் கறி வேணுமெண்டு இப்பவே சொல்லிப்போட்டார்."

பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. "அடையுங்கள் மாமி. நான் அடைய வைப்பன்" என்றாள்.

சொல்லவேண்டும், நல்லம்மா தன் கடமையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றின் காலையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, குசினி அடுப்பை மூன்று தரம் சுற்றிக் காட்டினாள். அடுப்பைச் சுற்றின கோழி வீட்டை விட்டுப் போகாதாம். பிறகு காலில் கயிறு போட்டு, கூட்டடியில் கட்டி வைத்தார்கள். லவன் பழைய கூட்டுக்குப் புதுப் பலகை அடித்தான். பிரியவதனி குரக்கனும் தேங்காய்ப்பூவும் கையிலேயே வைத்துத் தீத்தினாள். பெயரும் வைத்தாள். மற்ற மூன்றையும் கொத்திக் கொத்தித் திருத்துகிற கறுத்தக் கோழிக்கு "ரீச்சர்" என்று பெயர். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

கயிற்றை அவிழ்த்த அன்று பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை. கிளறின, மண் குளித்தன, ஒன்று முட்டைகூட இட்டது. அந்த முட்டையைப் பிரியவதனி வீதியால் போன மீன்காரனுக்கும் காட்டினாள். பொழுது பட்டதுதான் தாமதம், நாலும் கூட்டைத் திரும்பியும் பாராமல் வேலி பாய்ந்து என் முருங்கையில் ஏறிவிட்டன. அவள் அழாக்குறையாக வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாளும் அதேதான். கூட்டுக்குள் தள்ளி மூடினால் கழுத்தை அறுக்கிற மாதிரிக் கத்தின.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முருங்கைக் கொப்பு முறிந்தது. முருங்கையில் ஏறாதே என்று பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் சொன்ன நான், கோழிகளுக்குச் சொல்லத் தவறிவிட்டேன். தொப்பென்று விழுந்தவை செட்டையை அடித்துக்கொண்டு அவர்கள் வளவின் கோடிக்கு ஓடின. அங்கே பழைய கிணற்றுக்கட்டை இடித்துக் கொட்டின முருகைக்கல் குவியல் ஒன்று கிடந்தது. நாலும் அதன் உச்சியில் ஏறின, இரண்டு தரம் சுற்றிப் பார்த்தன, பேசாமல் குந்திவிட்டன.

துரத்திக்கொண்டு வந்த பிரியவதனி அப்படியே நின்றாள். பிறகு போட்டாளே ஒரு சத்தம்!

"கல்வேலி! ஐயோ ரீச்சர், உதுகள் கல்வேலியைத் தேடுதுகள்! எங்கட வீட்டிலை கூடே இல்லை. மூலைக் கல்வேலிக்கு மேலை கிடுகு போட்டிருக்கும், அதிலைதான் படுக்குறதுகள். கூடு எண்டதையே உதுகள் கண்டதில்லை!"

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"இஞ்சை எல்லாரும் கூடுதானே வைக்கிறனீங்கள். எங்கட ஊர்ப் பழக்கத்தைச் சொன்னால் மாமி என்ன நினைப்பாவோ எண்டு..."

சனிக்கிழமை விடியவே தொடங்கிவிட்டாள். நெடுந்தீவில் ஆளுக்கு வளவு இருக்கோ இல்லையோ கல்வேலி இருக்கும். அந்தக் கை அவளுக்கு அப்படியே இருந்தது. அடியில் பெருங்கல், இடுக்கில் சிறுகல், ஒன்றின் தோளில் ஒன்று. லவன் சீமெந்து வாங்க வெளிக்கிட்டான். "கல்லைக் கல்லே பிடிக்கும், நீங்கள் கல்லைத் தாங்கோ" என்று அவனை மடக்கிவிட்டாள். என்ன வந்ததோ தெரியாது, முழங்கால் நோவோடு நானும் கல் சுமந்தேன். அவளுடைய உற்சாகம் தொற்றுக் காய்ச்சல் மாதிரி. மத்தியானம் போல நெஞ்சு உயரத்துக்கு ஒரு வேலி எழும்பி, மேலே கிடுகுக் கூரையும், நாய் வராமல் சுற்றிவரப் பழைய மீன்வலையும் வந்துவிட்டன.

நல்லம்மா அந்தப் பக்கமே வரவில்லை. குசினிக்குள் கறித்தூள் வறுத்துக்கொண்டிருந்தாள். அது நாளைக் கோழிக் கறிக்கு என்று எனக்கு விளங்கியது.

பொழுது பட்டது. மூன்று கோழிகள் வந்து வேலியில் ஏறின. என் பெயர்க்காரி மட்டும் முறிந்த முருங்கையைப் பார்த்தபடி நின்றாள். "போ மூதேவி, என்ரை மானத்தை வாங்காதை" என்று நான் வாய்க்குள் சொன்னேன். கேட்டதோ என்னவோ, திரும்பி விறுவிறென்று நடந்து, ஒரு பறப்பில் மேலே ஏறி, மற்றவற்றை இரண்டு கொத்துக் கொத்தி விலக்கி நடுவில் இருந்தாள். பிரியவதனி என்னைக் கட்டிப் பிடித்துத் துள்ளினாள்.

திரும்பிப் பார்த்தால் நல்லம்மா குசினி வாசலில், கையில் அகப்பையோடு.

"நான் கூட்டிலைதானே அடையச் சொன்னனான்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரியவதனியின் கை என் தோளிலிருந்து நழுவி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோடிப்பக்கம் போய்ப் பார்க்க எனக்கோ பிரியவதனிக்கோ துணிவு வரவில்லை. பிரியவதனி வீங்கின கண்ணோடு சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். குசினிக்குள் அன்று நல்லம்மா ஒருவரையும் விடவில்லையாம். அவளே சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியை எடுத்தாள்.

நண்டுக் குழம்பு.

"எங்கை தங்கச்சி கோழி?" என்றார் தம்பையா.

"அண்ணை, கோவியாதேங்கோ. கடல் தாண்டி வந்ததுகள் இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கியிருக்குதுகள். எழுப்ப எனக்கு மனம் வரேல்லை. நண்டைத் தின்னுங்கோ."

பிரியவதனி கரண்டியோடு சிலையாகிவிட்டாள்.

"என்ன பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறீர்? நீரும் இருந்து சாப்பிடும்" என்றாள் நல்லம்மா. "சாப்பிட்டிட்டு அந்த வேலியை இன்னும் கொஞ்சம் நீட்டும். குஞ்சு பொரிச்சால் இடம் காணாது. உம்மட அம்மாட்டை ஒரு நல்ல சேவலும் கேளும்."

யார் இருந்து சாப்பிட்டது? போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். அவள் போட்ட சத்தத்துக்கு நெடுந்தீவுக்குப் போனே தேவையில்லை.

"அம்மா! அம்மா! மாமி சேவல் கேக்கிறா!"