தொட்டியில் ஏறிய உப்பு

எங்கள் வீட்டு ஹாலில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது கடல் மீன். ஏஞ்சல் மீன் என்பார்கள். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரக்கூடிய பெரிய ஜாதி. வாங்கி வந்தபோது என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி. “பெருசானா இந்த வளையம் எல்லாம் போயிடும் மேடம், மஞ்சக் கோடு வந்துடும்” என்றார் கடைக்காரர். விற்பதற்காக எதையாவது சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காவிரியில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தஞ்சாவூரே பார்த்துக்கொண்டிருக்க, நான் உப்புத் தண்ணீருக்கு அலைந்தேன். “குழம்புக்கும் ஆகாத மீனுக்கு இவ்வளவு பாடா?” என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். ஆனால் மாதம் இரண்டு முறை நாகூருக்குக் காரை ஓட்டியதும் அவர்தான். அங்கே படகுக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். “கரைத் தண்ணி வேணாங்க டீச்சர், ஆத்துத் தண்ணி கலந்திருக்கும். நான் உள்ள போறப்ப மொண்டுட்டு வரேன்” என்று கேன் கேனாக நிரப்பிக் கொடுப்பார். மற்றவர்களெல்லாம் பாக்கெட் உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்களாம். என் மீனுக்கு அசல் கடல். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பெருமைப்படும்படிதான் அதுவும் இருந்தது. விளக்கைப் போட்டதும் தொட்டி முழுக்க ஒரு சுற்று வரும். வரப்பு சுற்றி வருகிறவரைப் போல ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்க்கும். யாராவது நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வந்து ஏற இறங்கப் பார்க்கும். இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் தின்னும். பசலைக் கீரையை வேகவைத்துக் கொடுத்தால் தின்னும். முருங்கைக் கீரையை மட்டும் வாயில் வாங்கி, என் முகத்துக்கு நேரே துப்பியது. எனக்குக் கோபமே வரவில்லை. என் வகுப்பில் எவளாவது அப்படிச் செய்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

இரண்டாம் வருஷம் கடைக்காரர் சொன்னது நடக்க ஆரம்பித்தது. வால் பக்கத்து வளையங்கள் உடைந்து, நீலத்துக்குள்ளிருந்து மெல்லிய மஞ்சள் கோடுகள் கிளம்பின. ஒரு உடம்பில் இரண்டு மீன்கள் இருந்தன. காலையில் காபியோடு போய் எத்தனை வளையம் மிச்சம் என்று பார்ப்பதே என் வேலையாயிற்று. முழுசாக மாறி அது நிற்பதை ஒருநாள் பார்த்துவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

கோடை வந்தது. தொட்டித் தண்ணீர் சூடாகாமல் இருக்க மேலே ஃபேன் வைத்தேன். தினமும் ஒரு விரல்கடை தண்ணீர் குறைந்தது. குறையக் குறைய நாகூர்க் கேனைச் சாய்த்து நிரப்பினேன். கடல் மீனுக்கு யாராவது நல்ல தண்ணீரை ஊற்றுவார்களா? உப்பு பார்க்கக் கடைக்காரர் கொடுத்த மிதவைக் கருவி மேஜை டிராயரில் கிடந்தது. கடலிலிருந்தே வரும் தண்ணீருக்கு உப்பு பார்ப்பானேன்?

ஃபேன் வைத்த மூன்றாம் வாரத்தில் மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. செவுள் படபடவென்று அடித்தது. நிறம் வெளுத்தது. நான்கு நாளாக இறாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்காரர் போனில் சொன்ன மருந்தை ஊற்றியும் பயனில்லை. படகுக்காரர் கரைத் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அந்த நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்தச் சமயம் கண் பரிசோதனைக்காக என் நாத்தனார் வந்திருந்தாள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் தானே நின்று நெல் விவசாயம் பார்ப்பவள். நான் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தாள். மேல் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“அண்ணி, தண்ணி குறைஞ்சா என்ன ஊத்துறீங்க?”

“கடல் தண்ணிதான். வேற என்னத்த ஊத்துவேன்?”

“எங்க வயல்ல ஒரு தடவை கடல் தண்ணி ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணி பத்து நாள்ல காஞ்சு போச்சு. உப்பு போகல. மண்ணு மேல இப்படித்தான் பூத்துக் கிடந்துச்சு. உங்க தொட்டியிலயும் தண்ணி மட்டுந்தான் போவுது. நீங்க உப்பு மேல உப்பா ஊத்திக்கிட்டே இருக்கீங்க.”

நான் வேதியியல் ஆசிரியை. உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும், உப்பு தங்கும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள். டிராயரிலிருந்து கருவியை எடுத்துப் போட்டேன். இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி எங்கேயோ உயரத்தில் மிதந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது.

அப்படியே ஓடிப்போய் ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்தேன். “நில்லுங்க அண்ணி” என்று அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “வயலைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். மீனைப் பத்தி அந்தக் கடைக்காரரைக் கேட்டுட்டு ஊத்துங்க.” கேட்டேன். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். நான் நினைத்தபடி குடம் குடமாகக் கவிழ்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. உப்புத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிவிட்டு, வடிகட்டிய நல்ல தண்ணீரை ஓரமாக மெல்ல விட்டேன். ஃபேன் காற்றில் குறைந்ததற்கும் இனி நல்ல தண்ணீர்தான். நாத்தனார் ஊருக்குப் போன பிறகும் தினமும் போனில் கேட்பாள். “அப்படியேதான் கிடக்குது” என்று தினமும் அதே பதிலைச் சொன்னேன். மிதவை ஒவ்வொரு கோடாக இறங்கியது. மீன் வெளியே வரவில்லை.

பதினோராம் நாள் காலை, உள் கண்ணாடியைத் துடைக்கத் தொட்டிக்குள் கையை விட்டேன். பாறைக்குப் பின்னாலிருந்து அது சரேலென்று வந்தது. துடுப்பெல்லாம் விரித்து, என் கைக்கு எதிரே பக்கவாட்டில் நின்று, ‘டொக்’ என்றது. மீன் சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீருக்குள் அந்த அதிர்வு விரலில் தெரிந்தது. “யாரு கதவைத் தட்டுறது?” என்று உள்ளேயிருந்து கேட்டார் கணவர்.

கையை எடுக்கவில்லை. மறுபடியும் ‘டொக்.’ இத்தனை நாள் உப்பைக் கொட்டி வதைத்தவளைத் திட்டும் அளவுக்கு அதற்குத் தெம்பு வந்துவிட்டது. “திட்டு, நல்லாத் திட்டு” என்றேன். கண்ணீர் கன்னத்தில் வழிந்து வாயில் உப்புக் கரித்ததும், அதுவும் தண்ணீரில் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தை அவசரமாகத் திருப்பிக்கொண்டேன்.