பேராசிரியர் வீட்டு நண்டு

என் தங்கை கலாநிதிப் பட்டம் முடித்தவள். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். பாலையூற்றில் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகும் ஆய்வைத் தொடர, தெற்காசிய நாடுகளின் சமூக விஞ்ஞான ஆய்வாளர்களுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. தங்கை அதற்கு விண்ணப்பித்தாள். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகு ஓட்டிப் பிழைத்தவர்கள் இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். அவளுக்குப் படிப்பித்த பேராசிரியர் ஒரு பரிந்துரைக் கடிதத்தைத் தானே இணையத்தில் ஏற்ற வேண்டும். அது மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "போடுறன், போடுறன்" என்பாராம். முடிவுத் திகதி நெருங்கியது. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி போய்க் கேட்கவும் அவளுடைய கௌரவம் விடவில்லை.

எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். பஸ்ஸில் இறங்கும் இடம் தவறிப்போனால்கூட நடத்துநரைக் கூப்பிடமாட்டேன். ஆனாலும் அவளுக்குச் சொல்லாமல் போனேன். ஒரு காரியம் கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. கிண்ணியாவிலிருந்து உயிர் நண்டு எடுப்பித்து, கால்களைக் கட்டி, ஈரச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனேன்.

பேராசிரியரின் மனைவி சாக்கைத் திறந்து பார்த்தார்.

"ஐயோ, துடிக்குது! இவருக்கு நண்டெண்டா கொள்ளை ஆசை."

சாக்கு குசினிக்குள் போனது. பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தங்கச்சியோ அனுப்பினவ?"

"இல்லை சேர். அவவுக்குத் தெரியாது. அந்தக் கடிதம்..."

"இந்த வயசிலை வெளிநாட்டுக் காசிலை என்னத்தை ஆராயப் போறாவாம்? கலியாணத்தைப் பாருங்கோவன்."

"நீங்கள் கடிதத்தைத் தாங்கோ, சேர். கலியாணத்தை நாங்கள் பாப்பம்."

என் வாயிலிருந்துதான் வந்தது. அவருடைய முகம் இறுகியது.

"சரி, போயிட்டு வாங்கோ" என்றார். குசினியில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரமே தங்கைக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் வீட்டார் நண்டை அன்பளிப்பாகக் கொண்டுவந்து என்னை நெருக்கினார்கள், இனி நான் பரிந்துரை எழுதுவது முறையாகாது என்று எழுதியிருந்தார்.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது?" தங்கை கத்தினாள். "நண்டு குடுத்துக் காரியம் பாக்கிற ஆக்களெண்டு ஆக்கிப்போட்டார்!"

"நண்டைத் திருப்பித் தந்தவரோ?"

"அக்கா, வாயை மூடுங்கோ."

"எழுதுற மனுசன் எண்டா எப்பவோ எழுதியிருப்பார். இவ்வளவு நாளும் நண்டோ தடுத்தது?"

கதவை அடித்துச் சாத்தினாள்.

பிறகு, அவளுடைய ஆய்வேட்டைப் பரீட்சித்த வேறு நாட்டுப் பேராசிரியை ஒருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா மறுநாளே கடிதத்தை ஏற்றிவிட்டார். விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் தோழிக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் அறிந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. கிடைத்தால் அது அவளுடைய கெட்டித்தனம். கிடைக்காவிட்டால் என்னால்தான் என்பாள். சொல்லட்டும். நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் எனக்குப் படவில்லை.

போன கிழமை சந்தையில் பேராசிரியரின் மனைவி என்னைக் கண்டு சிரித்தார். நான் சிரிக்காமல் அவரைக் கடந்து போனேன். கூச்சம் என்று நினைத்திருப்பார். கூச்சம் இல்லை.